கப்பல் டிப்ஸ்: 777 டாலரை ரத்து செய்துவிட்டுக் கையில் கொடுக்கலாமா?

கேட்டவர் ஹூஸ்டன்வாசி. மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா என்று ஆறு பேர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏழு இரவு கரீபியன் பயணம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டி முடித்த பிறகுதான் பில்லில் இன்னொரு வரியைப் பார்த்திருக்கிறார்: கிராஜுவிட்டி, ஆளுக்கு நாளுக்கு 18.50 டாலர். ஆறு பேருக்கு ஏழு நாளைக்கு 777 டாலர். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதே கணக்கு. "கப்பல் ஏறினதும் கவுன்ட்டரில் சொல்லி அதை ரத்து பண்ணிடு. நமக்கு யார் வேலை செய்தானோ அவனுக்கு மட்டும் கையில் கொடு" என்று மச்சான் சொல்கிறாராம். எது முறை, யாருக்கு எப்போது எவ்வளவு என்று கேட்கிறார்.

மச்சான் பேச்சைக் கேட்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: நான் பதினோரு வருடம் இந்த மாதிரிக் கப்பல்களின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவன். அசிஸ்டென்ட் வெயிட்டராக ஏறி வெயிட்டராக இறங்கினேன். ஆகவே என் பதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் அந்த வார்த்தையே நம்மைக் குழப்புகிறது. கிராஜுவிட்டி என்றால் நம் ஊரில் ரிட்டயர் ஆகும்போது கையில் வரும் பணம். அமெரிக்காவில் ஹோட்டலில் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது இஷ்டப்பட்டு வைப்பது. கப்பலில் அது இரண்டுமே இல்லை. சுருக்கமாகச் சொன்னால் அதுதான் சம்பளம். என் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் என்ற வரி மெலிந்து கிடக்கும். அதற்குக் கீழே இருக்கும் இந்த வரிதான் வீட்டுக்குப் போகிற பணம். கால்வெஸ்டனிலிருந்தும் மயாமியிலிருந்தும் புறப்படும் பெரிய கப்பல்கள் அநேகமாக பஹாமாஸ் கொடியிலோ பனாமா கொடியிலோதான் ஓடும். அமெரிக்கக் கரையில் ஏறுகிறீர்கள் என்பதற்காக அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கப்பலுக்குள் ஏறி வராது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கடலோடிகளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. 2025-இல் அது, தளத்தில் வேலை செய்யும் தேர்ந்த மாலுமிக்கு, மாதம் 673 டாலர். ஒரு மணிக்கு அல்ல, ஒரு மாதத்துக்கு. வேலை நேரத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 24 மணியில் 14 மணி நேரம், ஏழு நாளில் 72 மணி நேரம். வாரவிடுமுறை என்ற சொல் எங்கள் அகராதியில் கிடையாது. ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை காண்ட்ராக்ட், அது முடிந்தால் சைன் ஆஃப், அதாவது கப்பலை விட்டு இறங்குவது, அப்புறம் வீட்டில் இருக்கும் இரண்டு மாதத்துக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை.

கம்பெனிக்காரன் ஒழுங்காகச் சம்பளம் கொடுத்துவிட்டு அதை டிக்கெட் விலையிலேயே சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. பிரிட்டனின் பி அண்ட் ஓ 2019-இல் தினசரி டிப்ஸை எடுத்தே விட்டது. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற சொகுசுக் கப்பல்களில் எல்லாம் டிக்கெட்டுக்குள் அடக்கம். அமெரிக்கச் சந்தையை நம்பி ஓடும் பெரிய கம்பெனிகள் அதைச் செய்யாததற்குக் காரணம் எளிது: விளம்பரத்தில் டிக்கெட் விலை குறைவாகத் தெரிய வேண்டும். எனக்கும் அது பிடிக்காத ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கோபத்தை 777 டாலரை ரத்து செய்து காட்டினால் அது கம்பெனி முதலாளியைப் போய்ச் சேராது.

முன்பெல்லாம் மச்சான் சொல்கிற முறைதான் இருந்தது. கடைசி ராத்திரி அறைக்கு நாலு கவர் வரும்: அறையைச் சுத்தம் செய்யும் கேபின் ஸ்டூவர்டுக்கு ஒன்று, வெயிட்டர், அசிஸ்டென்ட் வெயிட்டர், ஹெட் வெயிட்டருக்கு ஒவ்வொன்று. ஏழு ராத்திரியும் ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே வெயிட்டர் என்று இருந்த காலத்துக்கு அது சரி. 2000 வாக்கில் நார்வீஜியன் கம்பெனி 'எந்த நேரமும் வரலாம், எந்த மேசையிலும் உட்காரலாம்' என்று ஆரம்பித்தது. மற்றவர்களும் தங்கள் போக்கில் தொடர்ந்தார்கள். இன்று பஃபே, நாளை வேறு உணவகம், மறுநாள் வேறு மேசை என்றானபின் எந்த வெயிட்டரைத் தேடிப்பிடித்துக் கவர் கொடுப்பீர்கள்? அப்படித்தான் நாள் கணக்கில் பில்லிலேயே ஏற்றும் பழக்கம் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு, மச்சானுக்குத் தெரியாதது. உங்கள் அப்பா அம்மா வருகிறார்கள். சைவமா என்று நீங்கள் எழுதவில்லை. சைவம் என்றே வைத்துக்கொள்வோம். முதல் ராத்திரி மெனு கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மா "எனக்குப் பசியில்லை" என்பார். நான் பார்த்த அம்மாக்கள் எல்லாரும் சொன்னது அதே வாக்கியம்தான். உடனே ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்று சொல்லுங்கள். பெரிய கப்பல்களில் அநேகமாக முந்தின நாள் சொன்னால் செய்வார்கள். மறுநாள் பருப்பு, ஒரு கூட்டு, சாதம், அப்பளம், கேட்டால் தயிர் என்று தனியாக வரும். அதைக் கொண்டுவந்து வைப்பவன் என்னைப் போல ஒருத்தன். செய்தவன் இரண்டு தளம் கீழே கேலியில், கப்பல் அடுக்களைக்கு அதுதான் பெயர், நிற்கிறான். ஆயிரக்கணக்கான தட்டு ஸ்டேக்குக்கும் மீனுக்கும் நடுவில் ஆறு பேருக்காகத் தனியாக ஒரு பருப்புச் சட்டி ஏற்றியவன். அவன் முகத்தை நீங்கள் ஏழு நாளும் பார்க்கப் போவதில்லை. கையில் கொடுக்கும் கவர் அவனுக்குப் போகாது. தண்ணீர்மட்டத்துக்குக் கீழே லாண்டரியில் உங்கள் படுக்கை விரிப்பை அயர்ன் மெஷினுக்குள் தள்ளுகிறவனுக்கும் போகாது. நாளுக்கு 18.50 என்பதில் இவர்களுக்கும் பங்கு பிரிகிறது.

ரத்து செய்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். பதினாறு பேர் கொண்ட ஒரு கூட்டம், நம் ஊர்க்காரர்கள்தான், ஏழு ராத்திரியும் எங்கள் மேசை. தங்கமான மனுஷர்கள். தமிழ் பேசுகிறவன் கிடைத்தான் என்று எனக்கும் அவர்களுக்கும் ஒரே கொண்டாட்டம். பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கி எலுமிச்சையும் உப்பும் போட்டு ஒரு கிண்ணம், ஒவ்வொரு ராத்திரியும் அவர்கள் உட்காரும் முன்பே மேசையில் இருக்கும். கடைசி ராத்திரி பெரியவர் எழுந்து வந்து தோளில் தட்டி ஒரு கவர் கொடுத்தார். உள்ளே நாற்பது டாலர். சந்தோஷம்தான். மறுநாள் காலை ஹெட் வெயிட்டர் ஒரு பட்டியலைக் காட்டினார்: அந்தக் குடும்பத்தின் எல்லா அறைகளும் கிராஜுவிட்டியை ரத்து செய்திருந்தன. அந்தக் காலத்தில் ஆளுக்கு நாளுக்கு 12 டாலர் சொச்சம். பதினாறு பேருக்கு ஏழு நாளைக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஆயிரத்து முந்நூறைத் தாண்டும். இன்னும் ஒன்று. நான் இருந்த இடத்தில் ரத்து செய்த அறைக்காரர்கள் கையில் கொடுத்த பணத்தைப் பொதுவில் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. சில கம்பெனிகளில் இப்படி உண்டு. அந்த நாற்பதையும் கொண்டுபோய்க் கட்டினேன். பெரியவருக்கு இது எதுவுமே தெரிந்திருக்காது. தன் கையால் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடுதான் இறங்கிப் போயிருப்பார்.

பிள்ளைக்கும் அதே கணக்கா என்றால், கம்பெனியைப் பொறுத்தது. கார்னிவலில் இரண்டு வயதுக்குக் கீழே, நார்வீஜியனில் மூன்று வயதுக்குக் கீழே இல்லை. ராயல் கரீபியனில் வயது பார்ப்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது என்பதால் இந்த மூன்றில் எங்கே போனாலும் உண்டு. பிள்ளை இருக்கிற அறையையும் பிள்ளை சாப்பிட்ட மேசையையும் சுத்தம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் அநியாயம் இல்லை!

இப்போது இந்தத் தொகை பெரிய கம்பெனிகளில் சாதாரண அறைக்கு நாளுக்கு 16 முதல் 20 டாலர் வரை இருக்கிறது. சூட் என்கிற பெரிய சொகுசு அறை என்றால் மேலே சில டாலர். முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லது. நடுவில் கம்பெனி தொகையை உயர்த்தினாலும் அனேகமாகப் பழைய விலையோடு போய்விடும், இறங்குகிற நாள் பில்லைப் பார்த்து வீட்டில் சண்டையும் வராது. சேவை உண்மையிலேயே மோசமாக இருந்தால் குறைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை இரண்டாம் நாளே கெஸ்ட் சர்வீசஸில் போய்ச் சொல்லுங்கள், சரி செய்ய வாய்ப்புக் கொடுங்கள். கடைசி ராத்திரி அந்தக் கவுன்ட்டர் முன் வளைந்து வளைந்து நிற்கும் வரிசையைப் பார்ப்பீர்கள். அதில் எத்தனை பேருக்கு உண்மையான குறை, எத்தனை பேருக்குப் பில் பயம் என்பது கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

சரி, 777 கட்டியாகிவிட்டது. இதற்கு மேல் கையில் கொடுக்க வேண்டுமா? கட்டாயமே இல்லை. செலவு கையைக் கடிக்கிறது என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கூடக் கொடுக்க மனசிருந்தால் யாருக்கு என்பதற்கு என் கணக்கு இது.

கேபின் ஸ்டூவர்ட் முதலில். இரண்டு அறையும் பக்கத்தில் என்பதால் ஒரே ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் சேர்த்து நாற்பது, ஐம்பது டாலர் என்றால் தாராளம். கொடுக்கிற நேரம்தான் முக்கியம். நிறைய பேர் இறங்குகிற காலையில் தேடுகிறார்கள். அன்று அவனைப் பிடிக்க முடியாது. என் அறைத்தோழன், மணிலா பக்கத்துப் பையன், பதினெட்டு அறை பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் காலை எட்டு, ஒன்பது மணிக்கு இறங்கினால் மதியத்துக்குள் அடுத்த கூட்டம் ஏறிவிடும். அதற்குள் பதினெட்டு அறையின் விரிப்பையும் உருவி, குளியலறை கழுவி, புதிதாகப் போட்டாக வேண்டும். அன்றைக்கு அவன் காலைச் சாப்பாட்டை நின்றுகொண்டே கூடச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே முந்தின நாள் சாயங்காலம், அவன் படுக்கை தட்டிப் போட வரும்போது, பெயரைச் சொல்லிக் கையில் கொடுங்கள். தலையணை மேல் வைத்துவிட்டு இறங்குவதானால் கவர் மேல் அவன் பெயரை எழுதுங்கள். பெயர் இல்லாமல் அறையில் கிடக்கும் பணம், விட்டுப்போன பணமா கொடுத்த பணமா என்று அவனுக்குத் தர்மசங்கடம்.

கவர் என்றதும் ஞாபகம் வருகிறது. கப்பலில் கவர் கேட்டால் சில இடத்தில் கொடுப்பார்கள், சில இடத்தில் நிறுத்திவிட்டார்கள். நம் ஊர் மொய்க் கவர் நாலை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், போதும். ஒருமுறை ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் அப்படித்தான் கொடுத்திருந்தது, மூலையில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியது. என் அறைத்தோழன் ராத்திரி கவரைத் தூக்கிக்கொண்டு வந்தான்: "இந்தக் காசை எங்கே மாற்றுவது? ஏன் ஒட்டி வைத்திருக்கிறார்கள்?" ரவுண்டாகக் கொடுத்தால் கணக்கு முடிந்த மாதிரி, ஒன்று கூட வைத்தால் உறவு தொடரும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தான். இருபது டாலரை எடுத்துக்கொண்டு, கவரை நாணயத்தோடு லாக்கர் கதவின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினான். காண்ட்ராக்ட் முடிகிற வரை அங்கேயே இருந்தது.

சாப்பாட்டுக்கூடத்தில் அதே மேசைக்குப் போகிறீர்கள் என்றால் வெயிட்டருக்கு இருபத்தைந்து, அசிஸ்டென்டுக்கு இருபது. சேர்த்து ஒரே கவராகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், தனித்தனியாக. கடைசி ராத்திரிச் சாப்பாட்டின் முடிவில் கொடுக்க வேண்டும். அன்று பஃபேயில் சாப்பிடுவதாக இருந்தால் போகிற வழியில் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள். ஆறு ராத்திரி பார்த்த குடும்பம் ஏழாம் ராத்திரி காணவில்லை என்றால் பணத்தைவிட அதுதான் உறுத்தும். ஹெட் வெயிட்டருக்கு வழக்கமாக ஒன்றும் தேவையில்லை. ஆனால் அப்பா அம்மாவுக்குத் தினமும் இந்தியச் சாப்பாடு ஏற்பாடு செய்தவர் என்றால் இருபது டாலர் அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது.

முதல் நாளே இருபதை நீட்டினால் ராஜ உபசாரம் கிடைக்கும் என்று சொல்வார்கள். கிடைக்கலாம். எனக்கு அது லஞ்சம் மாதிரியே படும். கூடுதல் வேலை வாங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் செய்யுங்கள். அம்மாவின் பிளாஸ்கில் இரண்டு வேளை வெந்நீர், அப்பாவின் இன்சுலினுக்கு ஐஸ் என்று முதல் நாளே சொல்லி, அப்போதே ஒரு ஐந்தோ பத்தோ கொடுத்தால் அதில் தவறில்லை.

பாரில் எதுவும் யோசிக்க வேண்டாம். ஒவ்வொரு பானத்துக்கும் 18 முதல் 20 சதவீதம் தானாகவே ஏறிவிடும். கோக் பேக்கேஜ் வாங்கினாலும் வாங்கும்போதே அது சேர்ந்திருக்கும். கையெழுத்துப் போட நீட்டும் ரசீதில் 'கூடுதல் டிப்' என்று இன்னொரு காலி வரி இருக்கும். அதைப் பார்த்து மறுபடி 20 சதவீதம் போடுகிறவர்கள் ஏராளம். கோடு கிழித்துவிடுங்கள். ஸ்பாவிலும் அதேபோல் சேர்ந்தே வரும். தனிக் கட்டணம் கட்டும் உணவகங்களிலும் பெரும்பாலும் கட்டணத்தோடு சேர்த்தே பிடித்துவிடுவார்கள். அறைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவனுக்கு வாசலில் இரண்டு, மூன்று டாலர் கையில். நடுராத்திரி டிரே தூக்கி வருகிறவன் அதற்குத் தகுதியானவன். பிள்ளைகள் கிளப்பில் இருப்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் வழக்கமில்லை. பிள்ளை வரைந்த ஒரு படம் கொடுத்தால் கிளப் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

கப்பலுக்கு வெளியே இருப்பவர்கள் இந்த 777-இல் சேரவே மாட்டார்கள். கால்வெஸ்டனில் காரிலிருந்து பெட்டி இறக்குகிற போர்ட்டர் துறைமுகத்து ஆள். பெட்டிக்கு இரண்டு டாலர் அங்கேயே கையில். மெக்சிகோவின் கோஸுமெலிலோ ஹோண்டுராஸின் ரோவத்தானிலோ சுற்றிக்காட்டுகிற வழிகாட்டி அந்த ஊர்க்காரர். கப்பல் கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கியிருந்தாலும் அப்படித்தான். அரைநாள் சுற்றுக்கு, உங்களில் பெரியவர் ஒருவர் கணக்கில் வழிகாட்டிக்கு ஐந்து, பஸ் ஓட்டுநருக்கு ஒன்று, இரண்டு.

ஆக இருநூறு டாலர் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்: நாற்பது ஒற்றை டாலர், பன்னிரண்டு ஐந்து டாலர், பத்து பத்து டாலர். ஹூஸ்டனிலேயே பாங்கில் மாற்றிவிடுங்கள். கப்பல் ஏ.டி.எம். கட்டணமும் பிடிக்கும், பெரிய நோட்டாகவும் தள்ளும். கடைசி நாள் கவுன்ட்டரிலும் சில்லறை தீர்ந்துபோகும். நாணயம் வேண்டவே வேண்டாம், எங்கள் ஊர் பாங்குகளில் அதைப் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள். தமிழ்ப் பையன் யாராவது மாட்டினால் சீல் பிரிக்காத முறுக்குப் பாக்கெட் ஒன்று கொடுங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் கவரோடு சேர்த்து. கவருக்குப் பதிலாக அல்ல.

காசில்லாமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இறங்கிய பிறகு மெயிலில் ஒரு கருத்துப் படிவம் வரும். பத்துக்கு எட்டு போட்டால் நம் கணக்கில் நல்ல மார்க். கம்பெனி கணக்கில் அது ஃபெயில். பிடித்திருந்தால் பத்து போடுங்கள், போட்டுவிட்டுப் பெயரை எழுதுங்கள். 'வெயிட்டர் நல்லவர்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. சட்டையில் பெயரும் பெரும்பாலும் நாடும் எழுதிய பேட்ஜ் இருக்கும், முதல் நாளே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அசிஸ்டென்டிலிருந்து வெயிட்டர் ஆனது அப்படி வந்த சில வரிகளால்தான். அவர்களில் யாருமே எனக்குப் பெரிதாகப் பணம் கொடுத்தவர்கள் இல்லை.

கடைசியாக, கேப்டனுக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டுமா என்று அப்பா கேட்கச் சொன்னாராம். அவருக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் பணம் நீட்டக் கூடாது, தப்பாகப் போய்விடும். கோட்டு சூட்டு போடுகிற ஃபார்மல் ராத்திரி அனேகமாக அவர் லாபியில் நிற்பார். அப்பா வேட்டி சட்டையில் போய்க் கை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் படத்தைக் கப்பல் போட்டோ கடையில் வாங்க வேண்டாம், உங்கள் போனிலேயே எடுங்கள். அங்கே ஒரு பிரின்ட் சொல்லும் விலைக்கு ஒரு வெயிட்டர் கவரே தேறிவிடும்.